அலுமினிய கேரவன் டிரெய்லரில் கிளியர் கோட் உரிகிறது: உப்புக்காற்றில் என்ன செய்யலாம்?

#1 சவுக்குத்தோப்பு

எல்லோருக்கும் வணக்கம். உச்சிப்புளிப் பக்கம் அரியமான் கடற்கரையை ஒட்டி எங்களுக்கு ஒரு சவுக்குத் தோப்பு இருக்கிறது. ராமேஸ்வரம் போகிற குடும்பங்கள் இரவு தங்கிப் போவதற்காக அதில் ஒரு கேரவன் டிரெய்லரை நிறுத்தியிருக்கிறோம். கொங்குப் பக்கம் ஒரு பாடி பட்டறையில் கட்டி வாங்கியது. அமெரிக்காவின் ஏர்ஸ்ட்ரீம் வண்டிப் படங்களைக் காட்டித்தான் ஆர்டர் கொடுத்தோம். வளைத்த அலுமினியத் தகடு, வரிசை வரிசையாக ரிவெட், பெயிண்ட் கிடையாது, மேலே நிறமில்லாத கிளியர் கோட் மட்டும்.

இப்போது அந்த கிளியர் கோட் உரிகிறது. கூரை வளைவில் முதலில் மஞ்சளித்து, வெடித்து, இப்போது காற்றடித்தால் ஏடு ஏடாகக் கிளம்புகிறது. பக்கச் சுவரில் வேறு மாதிரி. ஜன்னல் ஓரம், பின்விளக்கு ஓரம், ரிவெட் தலையைச் சுற்றி வெள்ளையாக மெல்லிய கோடுகள். புழு ஊர்ந்த தடம் போல, கோட்டிங்குக்கு அடியிலேயே நீண்டுகொண்டு போகின்றன. கையால் தடவினால் மேலே வழுவழுப்பாகத்தான் இருக்கிறது. பட்டறையில் கேட்டால் "கடற்கரையில் வைத்தால் அப்படித்தான் ஆகும்" என்கிறார்கள், அதற்கு மேல் பதில் இல்லை.

முழுவதையும் உரித்துவிட்டு மறுபடி கிளியர் அடிப்பதா, உரித்துப் பாலிஷ் போட்டு வெறும் உலோகமாக விடுவதா, இல்லை பெயிண்டே அடித்துவிடுவதா? வாடைக்காலம் முடிந்ததும் வேலையைத் தொடங்க நினைக்கிறேன். இந்தக் கரையில் அலுமினியத்தோடு பழகியவர்கள் சொல்லுங்கள்.

#2 கீழக்கரை 77

தம்பி, கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி ஓட்டினால் பழைய கோட் எல்லாம் போய்விடும். பிடிவாதமாக ஒட்டியிருக்கிற இடத்தில் காஸ்டிக் சோடாவைக் கரைத்துத் தடவுங்கள். அப்புறம் கடையில் விற்கிற லாக்கர் ஸ்பிரே டப்பா வாங்கி இரண்டு கை அடித்தால் போதும். எங்கள் வீட்டு இரும்பு கேட்டை வருஷா வருஷம் இப்படிச் சுரண்டித்தான் பெயிண்ட் அடிக்கிறோம், நன்றாகவே நிற்கிறது.

#3 காரைக்குடி ஓய்வு

காக்கா (உங்கள் ஊர்ப் பக்கம் அண்ணனை அப்படித்தானே அழைப்பார்கள்), இரும்பு கேட்டுக்குக் கம்பி பிரஷ் சரி. அலுமினியத்தில் நீங்கள் சொன்ன இரண்டையும் செய்யவே கூடாது. தம்பி அவசரப்பட்டு கிரைண்டரை எடுத்துவிடக் கூடாதே என்றுதான் உடனே எழுதுகிறேன்.

இரும்புக் கம்பி பிரஷ் ஓட்டினால் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்கள் அலுமினியத்துக்குள் பதிந்துவிடும். உப்பு ஈரம் பட்டதும் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் ஒரு சின்ன மின்கலம் உருவாகும். அதில் கரைவது அலுமினியம்தான். ஸ்டீல் உல்லுக்கும் இதே கதி. காஸ்டிக் சோடா இன்னும் மோசம். அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் தானாகப் படிகிற ஆக்சைடு ஏடு. பி.எச். ஏறக்குறைய 4-இலிருந்து 8.5 வரைதான் அந்த ஏடு நிற்கும். காஸ்டிக் பட்டால் ஏடும் கரையும், உலோகமும் கரையும், கூடவே ஹைட்ரஜன் வாயு கிளம்பும். ரிவெட் இடுக்கில் போன காஸ்டிக்கை எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் முழுசாக வெளியே எடுக்க முடியாது.

நான் அரிப்பு ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி எழுதியதைப் படித்தால் வண்டியில் இரண்டு வேறு நோய்கள் தெரிகின்றன. ஒரே மருந்து கொடுத்தால் கேட்காது.

கூரையில் நடப்பது வெயிலின் வேலை. பெயிண்டில் நிறமி இருப்பதால் புற ஊதாக் கதிர் மேலோடு நின்றுவிடும். கிளியரில் அதைத் தடுக்கிற வேதிப்பொருள் கலந்திருப்பார்கள். அது வருஷம் போகப் போகத் தீர்ந்துவிடும். அப்புறம் கதிர் உலோகம் வரைக்கும் இறங்கி, ஒட்டிக்கொண்டிருக்கிற பிடியையே கெடுக்கும். இதோடு தகடு சூட்டில் நீள்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 6 மீட்டர் அலுமினியம் 30 டிகிரி சூடேறினால் 4 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். வெயிலில் வறண்ட கோட்டிங் கூடவே நீளாது, வெடிக்கும்.

பக்கச் சுவரில் இருப்பது பிலிஃபார்ம் அரிப்பு, அதாவது கோட்டிங்குக்கு அடியில் இழை இழையாக ஓடுகிற அரிப்பு. கோட்டிங்கில் ஒரு கீறலோ வெட்டு விளிம்போ ஓட்டையோ இருக்கிற இடத்தில் உப்பு புகுந்து அது தொடங்குகிறது. அந்த வெள்ளைக் கோடு ஒவ்வொன்றின் தலைப்பகுதியும் அமிலமாக இருக்கும், அதுதான் முன்னேறும். வால் பகுதியில் வெள்ளைப் பொடி மட்டும் மிஞ்சும். காற்றில் ஈரப்பதம் முக்கால்வாசிக்கு மேல் இருந்தால் நன்றாக ஓடும். உங்கள் ஊரில் அது எத்தனை நாள் அதற்குக் கீழே இறங்குகிறது? காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அரிப்புச் சோதனைக்கென்று மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருப்பதே இந்தக் காற்றுக்காகத்தான்.

எந்தத் திசைச் சுவரில் கோடுகள் அதிகம் என்று பார்த்து எழுதுங்கள். அப்புறம் நல்ல ஒட்டு டேப்பை விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். கோட்டிங் கூடவே வருகிறதா?

#4 சவுக்குத்தோப்பு

நன்றி ஐயா. இப்படி யாரும் பிரித்துச் சொல்லவில்லை.

பார்த்துவிட்டேன். வடக்குச் சுவரில்தான் கோடுகள் நிறைய. தெற்கில் பின்விளக்கு ஓரத்தில் மட்டும் கொஞ்சம். டேப் சோதனையில் கூரையில் பட்டை பட்டையாக வருகிறது. வடக்குச் சுவரில் கோடு ஓடிய இடத்தில் வருகிறது, நடுவில் வரவில்லை. தெற்குச் சுவரில் எங்கேயும் வரவில்லை, நல்ல பிடிப்பாக இருக்கிறது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. முன்பக்கம் விருந்தினர் உட்காருவதற்காக ஒரு பனையோலைத் தாழ்வாரம் இறக்கியிருக்கிறோம். அதன் அடியில் வெயிலே படாது. அங்கேயும் கோடுகள் இருக்கின்றன, மற்ற இடத்தைவிடக் கூடுதலாகவே.

#5 பாம்பன் பெயிண்டர்

அண்ணே, வடக்குச் சுவர் போனதில் ஆச்சரியமே இல்லை. அரியமான் பாக் நீரிணைக் கரை. ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் வாடைக்காற்று கடலிலிருந்து நேரே உங்கள் சுவரில் உப்பைக் கொண்டுவந்து அப்பும். இதே வண்டி சீனியப்பா தர்கா பக்கம் மன்னார் வளைகுடாக் கரையில் நின்றிருந்தால் ஆனி ஆடியில் தெற்குச் சுவர் போயிருக்கும். எங்கள் பக்கத்தில் படகை எந்தக் கரையில் ஏற்றுவது என்பதையே காற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

நான் பைபர் வள்ளங்களுக்கும் படகுகளுக்கும் பெயிண்ட் அடிக்கிறவன். உங்களுக்கு யாராவது "படகுக்கு அடிக்கிற பாட்டம் பெயிண்ட் அடித்துவிடு, உப்பு ஒன்றும் செய்யாது" என்று சொல்வார்கள். கேட்காதீர்கள். பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்க அதில் செம்பு கலந்திருக்கும். செம்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் தகடு ஓட்டை விழுந்துவிடும்.

வேலைக்கு மாசி, பங்குனிதான் நல்ல காலம். வாடை ஓய்ந்திருக்கும், கச்சான் (தென்மேற்குக் காற்று) எழும்பி மணலைக் கிளப்பியிருக்காது. ஈரப் பெயிண்டில் மணல் ஒட்டினால் அத்தனையும் வீண்.

#6 தொண்டி டூ டாம்பா

சொந்த ஊர் தொண்டி, இப்போது இருப்பது புளோரிடாவில். பாம்பன் பாலத்தைப் பற்றிப் பேசும்போது மியாமிக்கு அடுத்தபடி அரிப்பு அதிகமான இடம் என்று சொல்வார்கள் இல்லையா, அந்த மியாமி இங்கேதான் தெற்கே இருக்கிறது. 1970-களில் தயாரான ஒரு ஏர்ஸ்ட்ரீம் என்னிடம் இருக்கிறது, அதனால் இந்த இழையைப் பார்த்ததும் விடமுடியவில்லை.

நீங்கள் படத்தில் பார்த்த வண்டியின் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன், முடிவெடுக்க உதவும். வாலி பயாம் தொடங்கிய நிறுவனம். 1936-இல் கிளிப்பர் என்ற மாடலில்தான் முதன்முதலாக விமானம் மாதிரி ரிவெட் அடித்த அலுமினிய உடம்பு வந்தது. அந்தக் கால வண்டிகளில் கோட்டிங் கிடையாது, வெறும் உலோகம். பிற்பாடு தொழிற்சாலையிலேயே கிளியர் அடித்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். என் வண்டி அந்தக் காலத்தது. அந்த கிளியர்தான் உங்கள் கூரை போலவே உரிந்தது. இப்போது வருகிற வண்டிகளில் தகட்டுச் சுருளுக்கே முன்கூட்டிக் கோட்டிங் ஏற்றி, அப்புறம் வெட்டி, துளை போட்டு, ரிவெட் அடிக்கிறார்கள். கோட்டிங் நன்றாக நிற்கிறது. ஆனால் வெட்டிய விளிம்பும் துளையும் வெறுமையாக இருப்பதால், உங்கள் வடக்குச் சுவரில் இருக்கிற அதே கோடுகள் விளக்கு ஓரத்திலும் ரிவெட்டைச் சுற்றியும் தொடங்குகின்றன. ஏறக்குறைய தொண்ணூறு வருஷமாக அலுமினிய வண்டி கட்டுகிறவர்களுக்கே விளிம்புதான் பலவீனம் என்றால், நமக்கும் அங்கேதான் கவனம் வேண்டும்.

என் வண்டியைப் பெயிண்ட் ரிமூவர் தடவி, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்தேன். உப்புத்தாள் போடவில்லை. பழைய ஏர்ஸ்ட்ரீம் தகடு ஆல்கிளாட். கலப்பு உலோகத்தின் இரண்டு பக்கமும் சுத்த அலுமினியம் மெல்லிய தோலாக ஏற்றியிருப்பார்கள். பக்கத்துக்குத் தகட்டின் தடிப்பில் 5 சதவீதம் இருக்கும். அந்தத் தோலைத் தேய்த்து எடுத்துவிட்டால் உள்ளே இருக்கிற செம்பு கலந்த உலோகம் உப்பில் சீக்கிரம் குழிவிழும். உங்கள் வண்டியில் என்ன தகடு போட்டார்கள் என்று பட்டறையில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

#7 மதுரை மினுக்கு

நான் பழைய ஸ்கூட்டர், கார் பாகங்களுக்கு பஃபிங் போடுகிறவன். என் கருத்து வேறு. கோட்டிங் இருப்பதால்தானே அதற்கு அடியில் இந்தக் கோடுகள் வருகின்றன? கோட்டிங்கே இல்லாவிட்டால் பிலிஃபார்ம் என்கிற பேச்சே கிடையாது. எல்லாவற்றையும் உரித்து, பஃப் போட்டு, மெழுகு தடவி விடுங்கள். தோப்புக்கு நடுவில் வண்டி பளபளவென்று நிற்கிற அழகு பெயிண்டில் வருமா? அதற்காகத்தானே படத்தைக் காட்டி ஆர்டர் கொடுத்தீர்கள்?

#8 காரைக்குடி ஓய்வு

//கோட்டிங்கே இல்லாவிட்டால் பிலிஃபார்ம் என்கிற பேச்சே கிடையாது//

இதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. பிலிஃபார்முக்கு மேலே ஒரு ஏடு வேண்டும். மதுரையில் நிற்கிற வண்டி என்றால் உங்கள் யோசனையைத் தாராளமாகச் செய்யலாம்.

கடலோரத்தில் வெறும் அலுமினியத்துக்கு வருவது குழி அரிப்பு. உப்பில் இருக்கிற குளோரைடு, ஆக்சைடு ஏட்டைப் பொத்து ஒரு புள்ளியில் இறங்கும். முதலில் சாம்பல் நிறமாக மங்கும், அப்புறம் வெள்ளைப் பொடி பூக்கும், துடைத்தால் அடியில் ஊசி முனைக் குழிகள். அதைப் போக்க மறுபடி பஃப் போட வேண்டும். ஒவ்வொரு தடவையும் தகட்டில் கொஞ்சம் போகும். மெழுகு இந்த வெயிலில் வாரக்கணக்கில்தான் தாங்கும்.

#9 தொண்டி டூ டாம்பா

ஐயா சொல்வதே இங்கேயும் அனுபவம். பாலிஷ் போட்ட பழைய ஏர்ஸ்ட்ரீம்கள் பெரும்பாலும் உள்நாட்டில், மூடிய கொட்டகையில் நிற்பவை. ஒரு வண்டி முழுக்கப் பாலிஷ் போடுவது வாரக்கணக்கில் நீளுகிற வேலை. நான் அந்த அழகை மிகவும் விரும்புகிறவன். என்றாலும் கடற்கரையிலேயே நிரந்தரமாக நிற்கிற வண்டிக்கு அதைச் சொல்லமாட்டேன்.

இன்னொரு விஷயம். பாலிஷ் போட்ட வழுவழுப்பின் மேலேயே கிளியர் அடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பிடித்துக்கொள்ள சொரசொரப்பு இருக்காது, பாலிஷ் மருந்தின் எண்ணெயும் மிச்சமிருக்கும். சீக்கிரம் உரியும்.

#10 பட்டணங்காத்தான் ஜன்னல்

ராமநாதபுரத்தில் அலுமினிய ஜன்னல், கதவு வேலை செய்கிறோம், கடையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பவுடர் கோட்டிங் போட்ட ஜன்னல் சட்டங்களில் இந்த வெள்ளைக் கோடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். 45 டிகிரியில் அறுத்துச் சேர்த்த மூலையில்தான் எப்போதும் தொடங்கும், ஏனென்றால் அறுத்த முகத்தில் கோட்டிங் இல்லை. எங்கள் கடையில் கடலோர வீடுகளுக்குப் போகிற சட்டம் என்றால் அறுத்த முகத்தில் பிரைமர் தொட்டுவிட்டுத்தான் பூட்டுகிறோம்.

சவுக்குத்தோப்புத் தம்பி, ஜன்னலைச் சுற்றி என்ன சீலண்ட் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். சாதாரணக் கடைச் சிலிகான் காயும்போது புளித்த வினிகர் வாடை வரும். அந்த வாடை அசிட்டிக் அமிலம். கண்ணாடிக்கும் பாத்ரூம் டைல்ஸுக்கும் சரி, அலுமினியத் தகட்டில் போட்டால் அதுவே அரிப்பைத் தொடங்கி வைக்கும். நியூட்ரல் சிலிகான் என்று கேட்டு வாங்க வேண்டும். பெயிண்ட் அடிக்கப் போகிற இடம் என்றால் அதுவும் வேண்டாம், சிலிகான் மேல் எந்தப் பெயிண்டும் ஒட்டாது. பாலியூரித்தேன் சீலண்ட் போடுங்கள், அதன் மேல் பெயிண்ட் நிற்கும்.

அப்புறம் ஸ்க்ரூ. தாழ்வாரத்தை வண்டியோடு பிணைக்க எஸ்.எஸ். ஸ்க்ரூ முடுக்கியிருந்தால் ஒவ்வொன்றையும் கழற்றிப் பாருங்கள். ஸ்டீல் அப்படியே புதிதாக இருக்கும், சுற்றியிருக்கிற அலுமினியம் பொடியாகியிருக்கும். நைலான் வாஷர் போட்டு, துளையில் சீலண்ட் தடவி, உலோகத்தோடு உலோகம் தொடாமல் மாட்டுங்கள்.

#11 சவுக்குத்தோப்பு

அக்கா, ஜன்னல் ஓரத்தில் இருப்பது நீங்கள் சொன்ன சிலிகானாகத்தான் இருக்க வேண்டும். தாழ்வாரத்து ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றினேன், அப்படியே வெள்ளைப் பொடி கொட்டியது.

வண்டியைக் கழுவுவது பற்றியும் கேட்க வேண்டும். வாரம் தவறாமல் போர் தண்ணீரில் ஹோஸ் பிடித்துக் கழுவுகிறோம். அப்படியும் ஏன் இப்படி?

#12 பாம்பன் பெயிண்டர்

அண்ணே, உங்கள் போர் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தீர்களா? அந்தப் பக்கம் சவர்த் தண்ணீர்தானே வரும்? உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரே ஊற்றினால் என்ன ஆகும்? கழுவி முடித்து வெயிலில் காய்ந்ததும் அங்கங்கே வெள்ளைத் திட்டு நிற்கிறதா என்று பாருங்கள்.

#13 காரைக்குடி ஓய்வு

பெயிண்டர் தம்பி சொன்னதுதான் இந்த இழையிலேயே முக்கியமான விஷயம் என்று நினைக்கிறேன். எல்லோரும் கோட்டிங்கைப் பற்றியே பேசுகிறோம், தண்ணீரை மறந்துவிடுகிறோம்.

சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசியும். ஆகவே தகட்டில் உப்பு இருக்கிற வரைக்கும், மழை பெய்யாவிட்டாலும் பனி இறங்காவிட்டாலும், அது நனைந்தே இருக்கிறது. தாழ்வாரத்துக்கு அடியில் கோடுகள் அதிகம் என்று எழுதியிருந்தீர்கள். காரணம் இதுதான். வெயில் படாது, ஆனால் ஐப்பசி கார்த்திகை மழையும் அங்கே படாது. கூரையை மழை இலவசமாகக் கழுவிக் கொடுக்கிறது, தாழ்வாரத்து உப்பு வருஷக்கணக்காக அங்கேயே சேர்கிறது.

கடல் மேல் பறந்து வருகிற விமானங்களை நல்ல தண்ணீரில் அலசுவதை ஒரு கடமையாகவே வைத்திருக்கிறார்கள். அவையும் அலுமினியம்தான். உங்கள் போர் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கிற உப்புகளின் அளவு) பார்த்துச் சொல்லுங்கள், மீட்டர் கையடக்கமாகக் கிடைக்கும்.

#14 சவுக்குத்தோப்பு

மீட்டர் கடன் வாங்கிப் பார்த்தேன் ஐயா. 3,000-க்கு மேல் காட்டுகிறது. ஹோஸ் பிடித்தது நிறுத்தியாகிவிட்டது.

ஆனால் நல்ல தண்ணீர் இங்கே எப்படிப்பட்ட பொருள் என்று உங்களுக்கே தெரியும். கூட்டுக்குடிநீர்க் குழாயில் வருகிறபோதுதான் வரும். குடிக்கக் குடம் கணக்கில் வாங்குகிற ஊரில் வண்டி கழுவ லாரித் தண்ணீர் வாங்க மனசு ஒப்பவில்லை.

#15 கீழக்கரை 77

தம்பி, அதற்கு ஒரு வழி சொல்கிறேன். வயலுக்கு மருந்து அடிக்கிற முதுகுத் தெளிப்பான், 16 லிட்டர் டாங்க், புதிதாக ஒன்று வாங்குங்கள். பூச்சிமருந்து ஊற்றாததாக இருக்க வேண்டும். அதில் நல்ல தண்ணீர் ஊற்றி மேலிருந்து கீழே சன்னமாக அடித்து வந்தால் ஹோஸில் போகிற தண்ணீரில் சிறு பங்குதான் செலவாகும். எங்கள் வீட்டு சோலார் பலகையை அப்படித்தான் கழுவுகிறோம். மழைக்காலத்தில் ஓட்டுத் தண்ணீரை சின்டெக்ஸில் பிடித்து வைத்தால் தை மாசி வரைக்கும் அதுவே ஓடும்.

கம்பி பிரஷ் விஷயத்தில் ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன்.

#16 காரைக்குடி ஓய்வு

காக்கா, அருமையான யோசனை. மேலிருந்து கீழே என்பதும் சரி. அடித்த பிறகு ரிவெட் வரிசை, ஜன்னல் அடி, தாழ்வாரத்துச் சுவர் மூன்றையும் துணியால் ஒற்றி எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. சோப்பு வேண்டுமானால் காரம் இல்லாத கார் ஷாம்பு. துணி சோடாவும் பாத்திரச் சாம்பலும் பக்கத்தில் வரக்கூடாது.

#17 ஏர்வாடி சுற்றுலா

ஒரு சந்தேகம். வண்டிக்கு மேலே முழுசாக ஒரு கொட்டகை போட்டுவிட்டால் வெயிலும் போச்சு, உரிதலும் போச்சு இல்லையா? அல்லது தார்ப்பாய்?

#18 தொண்டி டூ டாம்பா

தார்ப்பாய் வேண்டவே வேண்டாம். கடற்காற்றில் அது நாள் முழுக்க அடித்து அடித்துக் கோட்டிங்கைத் தேய்க்கும், அடியில் ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைக்கும். கொட்டகை போடலாம், வெயிலை நிறுத்துவது பெரிய உதவி. ஆனால் மழை கழுவித்தந்த வேலை அதற்குப் பிறகு உங்கள் தலையில். அலச முடியும் என்றால் கொட்டகை, முடியாது என்றால் மழை படுகிற மாதிரி விடுவது.

#19 சவுக்குத்தோப்பு

எல்லோரும் சொன்னதை வீட்டில் உட்கார்ந்து பேசினோம். என் மனைவிக்கு அந்த வெள்ளி மினுமினுப்பை முழுசாக விட மனசில்லை. தெற்குச் சுவர்தான் சாலையிலிருந்து வருகிறவர்கள் முதலில் பார்க்கிற பக்கம், அது டேப் சோதனையில் தேறியும் இருக்கிறது. அதை அப்படியே வைத்துக்கொண்டு, கூரைக்கும் வடக்குச் சுவருக்கும் தாழ்வாரத்துப் பக்கத்துக்கும் மட்டும் பெயிண்ட் அடிக்கலாமா?

#20 காரைக்குடி ஓய்வு

அடிக்கலாம், அதுதான் சரி என்பேன். நன்றாகப் பிடித்திருக்கிற கோட்டிங்கை உரிப்பது தேவையில்லாத செலவு. அங்கே விளிம்பை மட்டும் பாருங்கள். பின்விளக்கைக் கழற்றி, கோடு ஓடிய இடத்தைச் சுரண்டி, வெறும் உலோகம் தெரிகிற விளிம்பில் பிரைமர் தொட்டு, நல்ல கேஸ்கட் வைத்து மாட்டுங்கள். வெள்ளைக் கோடுகளின் தலையைத் தாண்டி ஒரு விரலளவு அதிகமாகவே எடுக்க வேண்டும். தலையை விட்டுவிட்டு வாலைச் சுத்தம் செய்தால் மறுபடி ஓடும்.

மற்ற பக்கங்களுக்குப் பெயிண்ட்தான், கிளியர் வேண்டாம். வெள்ளையோ வெளிர் சாம்பலோ, நிறமி இருந்தால் போதும். புதுப் பாம்பன் ரயில் பாலத்தைப் பாருங்கள், 2025 ஏப்ரலில் திறந்தது. அதற்கு பாலிசிலாக்சேன் பெயிண்ட் தேர்ந்தெடுத்தார்கள். நமக்கு அவ்வளவு தேவையில்லை, இரண்டு டப்பா கலக்குகிற எபாக்சி பிரைமரும் அதன் மேல் இரண்டு டப்பா பாலியூரித்தேனும் போதும்.

உரிக்கும்போது கவனம். கடையில் கிடைக்கிற பெயிண்ட் ரிமூவர் பலவற்றில் மெத்திலீன் குளோரைடு இருக்கிறது. அதன் ஆவி காற்றைவிடக் கனம், தாழ்ந்த இடத்தில் தேங்கும், உயிரைப் பறிக்கக்கூடியது. வீட்டு உபயோகப் பெயிண்ட் ரிமூவரில் அதை அமெரிக்காவில் 2019-லேயே தடை செய்துவிட்டார்கள். பென்சைல் ஆல்கஹால் வகை கேட்டுப் பாருங்கள். மெதுவாக வேலை செய்யும், பாதகமில்லை. எதுவானாலும் திறந்த வெளியில் மட்டும், வண்டிக்குள் ஒருபோதும் இல்லை. ஜன்னல் ரப்பரையும் அக்ரிலிக் கண்ணாடியையும் விளக்கையும் முதலிலேயே கழற்றுங்கள், அல்லது பாலித்தீன் போட்டு மூடுங்கள், ரிமூவர் பட்டால் அவை கரையும்.

உரித்தபின் நைலான் ஸ்க்ரப்பர் போட்டு லேசாகச் சொரசொரப்பாக்கி, நல்ல தண்ணீரில் அலசி, ஒரு சோதனை செய்யுங்கள். தகட்டில் தண்ணீர் ஒரே ஏடாக நின்றால் சுத்தம். உருண்டு உருண்டு பிரிந்தால் எண்ணெய் இருக்கிறது, மறுபடி துடைக்க வேண்டும். காய்ந்த அன்றைக்கே பிரைமர் ஏறிவிட வேண்டும். இரவு வெறும் தகடாக நின்றால் உப்புப் படிந்துவிடும், காலையில் மறுபடி அலசாமல் பிரைமர் தொடக்கூடாது.

#21 பாம்பன் பெயிண்டர்

ஐயா சொன்னதோடு கையால் செய்கிறவனாக நான் கொஞ்சம் சேர்க்கிறேன்.

மாசியில் காலைப் பனி அதிகம். ஒன்பது, ஒன்பதரை வரைக்கும் தகடு நனைந்தே இருக்கும், துடைத்தாலும் மறுபடி பூக்கும். ஈரப்பதம் 85-க்குக் கீழே இருக்க வேண்டும், தகட்டின் சூடு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் பனியாகப் படிகிற சூடு) 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும் என்று பெயிண்ட் டப்பா தாளிலேயே போட்டிருப்பார்கள். பத்து மணிக்குத் தொடங்கி, மதியம் கடற்காற்று திரும்புவதற்குள் அன்றைய பங்கை முடித்துவிட வேண்டும். அதற்குள் தகடு கொதித்தாலும் ஆகாது, தின்னர் பறந்து தூரிகைத் தடம் நிற்கும். அதனால் வேலை செய்கிற பக்கத்துக்கு மட்டும் நிழல் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரே நாளில் வண்டி முழுக்க என்று ஆசைப்பட வேண்டாம், ஒரு நாளைக்கு ஒரு தகடு.

ஸ்பிரே கன் வேண்டாம் என்பது என் கருத்து. பாலியூரித்தேனில் கலக்கிற ஹார்ட்னர் ஐசோசயனேட். மூச்சில் போனால் ஆஸ்துமா வரும், அப்புறம் ஜென்மத்துக்கும் அந்த வேலை செய்ய முடியாது. துணி மாஸ்க் அதைத் தடுக்காது. வள்ளத்துக்கு நாங்கள் செய்கிற மாதிரி சின்ன ரோலரில் தடவி, பின்னாலேயே மெல்லிய தூரிகையால் நீவி விட்டால் நன்றாகவே படியும். புகை கிளம்பாது, பக்கத்துச் சவுக்கெல்லாம் வெள்ளையாகாது. அப்படியும் கெமிக்கல் கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க்கும் கையுறையும் கட்டாயம்.

ரிவெட் வரிசைக்கு முதலில் தனியாகத் தூரிகையால் பிரைமர் ஓட்டிக்கொள்ளுங்கள், அப்புறம் தகட்டுக்கு ரோலர். விளிம்பில் பெயிண்ட் எப்போதும் மெலிந்துதான் நிற்கும். அங்கே ஒரு கை கூடுதலாகப் போடுவதில்தான் வேலையின் ஆயுள் இருக்கிறது.

#22 மதுரை மினுக்கு

தெற்குச் சுவரையாவது காப்பாற்றியதில் மகிழ்ச்சி. அந்தப் பக்கத்துக்குக் கார் மெழுகு தடவி வையுங்கள். கிளியர் மேலும் தடவலாம், உப்பு ஒட்டுவது குறையும், அலசுவதும் சுலபம். அரைக்கிற மாதிரி பொடி கலந்த பாலிஷ் வேண்டாம், கிளியர் தேய்ந்துவிடும்.

#23 பட்டணங்காத்தான் ஜன்னல்

தம்பி, பிரைமர் வாங்கும்போது "அலுமினியத்துக்கு" என்று சொல்லி வாங்குங்கள். இரும்புக்குப் போடுகிற ரெட் ஆக்சைடைக் கையில் கொடுத்துவிடுவார்கள், அது அலுமினியத்தில் பிடிக்காது. பிரைமரும் மேல் பெயிண்டும் ஒரே கம்பெனியாக இருந்தால் ஒன்றோடொன்று சேருமா என்ற கவலை இல்லை. ஜன்னல் ரப்பர் அளவு எடுத்து அனுப்புங்கள், வரவழைத்துத் தருகிறேன்.

#24 சவுக்குத்தோப்பு

அனுப்புகிறேன் அக்கா. பட்டறையில் தகட்டின் விவரமும் கேட்டு வாங்கினேன், 3000 வரிசை அலுமினியம் என்கிறார்கள்.

#25 தொண்டி டூ டாம்பா

நல்ல செய்தி. அது மாங்கனீசு கலந்த வகை, ஆல்கிளாட் இல்லை, தோல் உரியும் என்ற பயம் இல்லை. 3000 வரிசை கடற்காற்றை ஓரளவு தாங்கும். நைலான் ஸ்க்ரப்பர் தாராளமாகப் போடலாம்.

#26 பாம்பன் பெயிண்டர்

அண்ணே, வண்டியில் கை வைப்பதற்கு முன் பக்கத்துச் சாமான் அறைக் கதவு ஒன்றைக் கழற்றிக் கொண்டு வாருங்கள். அதில் உரித்து, பிரைமர், பெயிண்ட் எல்லாம் ஏற்றி, ஒரு வாரம் காயவிட்டு, பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி டேப் ஒட்டி இழுத்துப் பார்ப்போம். நின்றால் அதே மருந்து வண்டி முழுக்க. நிற்காவிட்டால் கதவோடு போகட்டும்.

#27 சவுக்குத்தோப்பு

வடக்குப் பக்கத்துக் கதவையே கழற்றுகிறேன் அண்ணே, கோடு அதில்தான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை பாம்பனுக்குக் கொண்டு வரட்டுமா?

#28 பாம்பன் பெயிண்டர்

ஞாயிறு வேண்டாம், திங்கள் காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள். ஒரு குடம் நல்ல தண்ணீரும் கொண்டு வாருங்கள், எங்கள் தெருவிலும் சவர்த் தண்ணீர்தான்.